கறுப்புச் சட்டைக் காலம் – 7: வில்லியனூர்த் தேரும் விளக்கெண்ணெயும்

போன வாரம் இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் நின்றோம். 1920, 21இல் அங்கே கூலி விவசாயிகளின் சங்கங்கள் ஓங்கியிருந்தன. யாரை வேலைக்கு வைப்பது, என்ன கூலி என்பதைச் சங்கமே சொன்னது. நிலக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் கொடுத்த பணத்திலும் லாரியிலும் முசோலினியின் பாசிஸ்ட் கறுப்புச் சட்டைக்காரர்கள் ராத்திரியில் வந்திறங்கினார்கள். (நம் பக்கத்துக் கறுப்புச் சட்டையின் சங்கதி வேறு; குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சங்கக் கட்டடத்தைக் கொளுத்துவார்கள். தலைவரைப் பிடித்து, வாயைப் பிளந்து, விளக்கெண்ணெயை ஊற்றுவார்கள். நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த அதே எண்ணெய்தான். அடிபட்டுச் செத்தவன் தியாகி. ஊர் பார்க்க வேட்டியிலேயே போனவனை யார் தியாகி என்பார்கள்?

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர்ப் பெரியவர்கள் சிலர், பிரெஞ்சு ஆட்சியில் நடந்த 1948 அக்டோபர் கொம்யூன் (நகராட்சி) தேர்தலை நினைத்துக்கொண்டு, "இதெல்லாம் எங்க ஊருலயும் நடந்ததுதானே" என்று கேட்கலாம். அந்தத் தேர்தலில் எதுவார் குபேரின் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி வென்றது. அடியாள் பலத்தால் வந்த வெற்றி என்று எதிர்த்தரப்பு சொன்னது. 1950 ஜனவரியில் கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவின் வீடு தீக்கிரையானது. 1951இல் வந்த நடுநிலைப் பார்வையாளர்களும், இந்தியாவோடு இணைவதா என்று வாக்கெடுப்பு நடத்தும் நிலைமை இங்கே இல்லை என்றே எழுதிவைத்தார்கள்.

ஆனாலும் இதைப் பாசிசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தடி இருந்தது, பாட்டு இல்லை. முசோலினி 1925இல் தொழிலாளிகளின் ஓய்வுநேரத்துக்கென்றே ஓர் அமைப்பு தொடங்கினார். மலிவு ரயிலில் கடற்கரைக்குப் போகலாம், சினிமா பார்க்கலாம், கோஷ்டியாகப் பாடலாம். முப்பதுகளின் கடைசியில் ஏறக்குறைய 40 லட்சம் பேர் அதில் உறுப்பினர்கள். பயந்து வந்தவர்களும் உண்டு. கடல் பார்க்கும் ஆசையில் வந்தவர்களும் உண்டு.

இங்கே அதிகாரம் தனக்கென்று ஒரு திருவிழா நடத்தவில்லை. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேருக்கு பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடிப்பார். இன்றும் துணைநிலை ஆளுநர் வருகிறார். வந்தவர் இழுத்துவிட்டுப் போவார். தேர் ஊருடையதாகவே இருந்தது. கட்சிக்காரர்களும் ஓட்டுக்கு மட்டும்தான் ஜனங்களைத் தேடி வந்தார்கள். ஓய்வுநேரத்தைக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

அதனால்தான் காற்று மாறியதும் எல்லாம் ஒரே மாதத்தில் புரண்டது. 1954 மார்ச்சில் கொம்யூன் மேர்களே இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதுவரை பிரான்ஸ் பக்கம் நின்ற குபேரும் அணி மாறி, பாகூரை ஒட்டிய நெட்டப்பாக்கத்தில் இணைப்புக் கொடியேற்றினார். அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஓட்டுப் போட்டார்கள். 1963இல் குபேர் புதுச்சேரியின் முதலமைச்சர். முந்தைய விசுவாசத்துக்காக உயிர் கொடுக்க யாரும் நிற்கவில்லை.

இத்தாலியில் அப்படியில்லை. 1943இல் முசோலினி கவிழ்ந்து, நாடே சரணடைந்த பிறகும், தோல்வி நிச்சயம் என்று தெரிந்தே வடக்கே கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்ட இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பலர் அந்த ஆட்சியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வாரம் போகலாம்.