குப்பி விளக்கின் திரி

மின்சாரம் வாராத நாளில், பசறைத் தோட்ட லயங்களில் பிள்ளைகள் குப்பி விளக்கொளியிலேயே பாடம் படித்தனர். மின்தடையுறும் இரவுகளில் இன்றும் அதனை நாடுவோர் இரண்டு கருதுதல் வேண்டும்.

முதலாவது, திரி. பருத்தி இழைகளின் நுண்ணிடைவெளிகள் மண்ணெண்ணெயை மேலே ஈர்க்கும். எண்ணெய் ஊறுமளவும் திரி விரைந்து கருகாது. நைலானோ உருகிவிடும். இரண்டாவது, மூடி. திரிக்குழாயுடன் கூடிய உலோக மூடி, திருகி இறுக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். செருகிய மூடி விளக்குச் சாய்ந்ததும் கழன்றுவிடும். சிந்திய எண்ணெயில் தீப் பற்றும்.

இவ்வாறு வெந்தோர்க்குச் சிகிச்சையளித்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, 1992இல் ‘சுதீப’ விளக்கை அமைத்தார். அது குட்டையானது, தடித்த கண்ணாடியாலானது, இருபுறமும் தட்டையாதலின், விழுந்தாலும் உருளாது. இதற்கென 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார்.

நேயர்களே, விளக்கேற்றுமுன் மூடியை ஒருமுறை திருகிப் பாருங்கள். அருகில் அமர்ந்து படிப்பது நம் குழந்தை.