போர்வைகளை மடித்து வைக்கும் முறை

ஆண்டின் கடைசி மாதங்களில் மழை இறங்கிவிட்டால், மூவார் வட்டாரத் தோட்டங்களில் பெட்டிக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் கிடந்த கனத்த போர்வைகள் மீண்டும் வெளியே வருகின்றன. பால்வெட்டுக்குப் புறப்படுவோர் விடியுமுன்னரே எழுந்துவிடுகின்றனர். பிள்ளைகள் பள்ளிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகின்றனர். போர்வையோ உதறிவிட்ட இடத்திலேயே குவியலாகக் கிடக்கிறது. இரவில் அதே குவியலை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்போது, முந்திய நாளின் வியர்வை ஈரமும் ஒருவகை முடை நாற்றமும் அதில் இருப்பதைப் பலரும் உணர்ந்திருப்பர்.

போர்வை மடிப்பதற்கும் ஒரு கட்டுரை வேண்டுமா என்று சிலர் நகைக்கலாம். இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் ஆறு பேர் படுத்தெழும்போது, ஆறு போர்வைகளை எங்கே வைப்பது என்பது நகைப்புக்குரிய கேள்வி அன்று. மழைக்காலத்தில் இதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

எழுந்தவுடன் படுக்கையை மடித்து வைக்க வேண்டும் என்று பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. ஒழுங்கைக் கருதினால் அது நல்ல பழக்கமே. ஆயினும், நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. இரவெல்லாம் உடலிலிருந்து வெளியேறிய ஈரம் போர்வையில் தங்கியிருக்கும்போதே அதனை மடித்து அடைத்தால், மடிப்பின் நடுப்பகுதிக்குக் காற்றுச் செல்வதில்லை. அங்கே பூஞ்சணம் பிடிக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத தூசுப் பூச்சிகளும் ஈரமான படுக்கையில்தான் செழித்துப் பெருகுகின்றன. இளைப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு இவ்விரண்டுமே பகை. ஆகவே, காலையில் போர்வையை நன்கு உதறிக் கொடியிலோ நாற்காலி முதுகிலோ போட்டுவிட்டு, வேலை முடிந்து திரும்பியபின் நண்பகலில் மடிப்பதே தோட்டத்து வாழ்க்கைக்கு ஏற்றது. உலர்ந்துவிட்டதா என்பதைக் காய்ப்பேறிய கைகளால் அறிவது எளிதன்று. போர்வையின் நடுப்பகுதியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று பட்டால் ஈரம் இன்னும் போகவில்லை என்று பொருள்.

இனி மடிப்புக்கு வருவோம். முதலில் அளக்க வேண்டியது போர்வையை அன்று, அதை வைக்கப்போகும் இடத்தை. மூவார் நகரம் தளவாடத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரங்கள்தாம் அறுக்கப்பட்டு, அலமாரியாகவும் நாற்காலியாகவும் அங்கிருந்து நாடெங்கும், கடல் கடந்தும் செல்கின்றன. நம் கையால் வெட்டிய மரமே நம் வீட்டு அலமாரியாகத் திரும்பி வந்திருக்கவும் கூடும்! அந்த அலமாரித் தட்டின் ஆழத்தைக் கயிற்றால் அளந்து ஒரு முடிச்சிட்டுக்கொள்ளுங்கள். மடித்த போர்வை அந்த முடிச்சைத் தாண்டக்கூடாது.

ஒன்றரை மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமும் உள்ள பஞ்சுப் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாயில் சுருக்கமின்றி விரித்து, அகலத்தை மூன்று பாகமாகக் கருதி, இடப் பாகத்தை நடுவின்மேலும், வலப் பாகத்தை அதன்மேலும் மடியுங்கள். இப்போது அகலம் அரை மீட்டராகிவிட்டது. அடுத்து, தலைப்பக்கத்தையும் கால்பக்கத்தையும் நடுவை நோக்கி மடியுங்கள். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல், இடையே நான்கு விரற்கடை இடம் விட்டிருத்தல் வேண்டும். பலரும் தவறும் இடம் இதுவே. இந்த இடைவெளி இல்லையேல், கடைசி மடிப்பில் பஞ்சு திரண்டு முதுகு புடைத்துப் போர்வை சரிந்துவிடும். இறுதியாக, புத்தகத்தை மூடுவது போல் மூடிவிட்டால் ஏறத்தாழ அரை மீட்டர்ச் சதுரமாக அமையும். புத்தகத்தின் முதுகைப் போன்ற வழவழப்பான பக்கம் வெளியே தெரியுமாறு அடுக்குங்கள். நடுவிலிருந்து ஒன்றை உருவினாலும் மற்றவை கலையமாட்டா.

பிள்ளைகளுக்கு இதனைக் கற்பிக்க விரும்புவோர் முதலில் ஒரு பழைய செய்தித்தாளைக் கொடுத்து மடிக்கச் சொல்லலாம். மூன்றில் ஒரு பாகம், நான்கில் ஒரு பாகம் என்ற கணக்கும் கூடவே விளங்கிவிடும். பெரிய போர்வையை அண்ணனும் தங்கையுமாக இருவர் நான்கு மூலைகளைப் பற்றி மடிப்பது எளிது. ஆனால் ஒருவர் நிலையாக நிற்க, மற்றவர் மட்டுமே நடந்து வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். இருவரும் நடந்தால் போர்வை முறுக்கிக்கொள்ளும், சண்டையும் வரும்.

அலமாரி இல்லாத வீட்டுக்குச் சுருள் மடிப்பே சிறந்தது. இது மெல்லிய போர்வைக்கும் கம்பளிக்கும் பொருந்தும். போர்வையை விரித்து, கால்பக்க ஓரத்தை ஒன்றரைச் சாண் அளவுக்கு அடிப்பக்கமாக மடக்குங்கள். பிறகு முன்போலவே இரு பக்கங்களையும் மூன்று பாகமாக மேலே மடித்து, தலைப்பக்கத்திலிருந்து பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டி வாருங்கள். கால்பக்கத்தை அடைந்ததும், முன்பு மடக்கிய ஓரம் ஒரு பையைப் போல வெளிப்புறமாக நிற்கும். அதன் வாயைத் திறந்து, காலுறையைப் புரட்டுவது போலச் சுருளின்மேல் புரட்டிவிடுங்கள். கயிறு இல்லாமலே சுருள் அவிழாமல் நிற்கும். பகலில் சுவரோரம் வைத்தால் சாய்ந்துகொள்ளும் திண்டாகவும் பயன்படும்.

கெக்காபு எனப்படும் இலவம் பஞ்சு அடைத்தவற்றை இப்படி இறுக்கிச் சுருட்டலாகாது. அந்த இழை எளிதில் ஒடியும் தன்மையுடையது. நாளடைவில் பொடிந்து கட்டியாகிவிடும். அவற்றைத் தளர்வாக இரண்டாக மடித்து, அடுக்கின் உச்சியில் வைப்பதே முறை.

பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்த போர்வைகள் இன்றும் சில வீடுகளில் உள்ளன. பாட்டியின் சேலையும் அம்மாவின் சேலையும் ஒரே போர்வையில் இருக்கும் அவற்றைக் கடையில் வாங்க இயலாது. பட்டுச் சேலையை நம் தாய்மார்கள் எவ்வாறு பேணுகின்றனரோ, அவ்வாறே இவற்றையும் பேண வேண்டும். ஒரே கோட்டில் ஆண்டுக்கணக்கில் மடிந்து கிடக்கும் துணி அந்தக் கோட்டிலேயே விட்டுப்போகும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை எடுத்து, காற்றாட விரித்து, இம்முறை மூன்றாக மடித்திருந்தால் அடுத்த முறை நான்காக மடியுங்கள். மடிப்புக் கோடு இடம் மாறினால் துணிக்கு ஆயுள் கூடும்.

மடித்த போர்வைகளுக்கிடையே பாச்சை உருண்டை போடும் வழக்கத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூற வேண்டியுள்ளது. வெண்ணிறமான அவ்வுருண்டைகளில் பல நாப்தலீன் என்னும் பொருளால் செய்யப்பட்டவை. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகள் அதன் ஆவியைச் சுவாசித்தாலோ, அந்த வாடை ஏறிய துணியில் படுத்தாலோ, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை ஏற்படக்கூடும். பிறந்த குழந்தைக்கு அதனால் மூளையே பாதிக்கப்படலாம். நம் நாட்டு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்தவுடன் இந்தக் குறைபாடு உள்ளதா என்று சோதிப்பது இதன் பொருட்டே. குழந்தை உள்ள வீட்டில் பாச்சை உருண்டை வேண்டவே வேண்டா. நிழலில் உலர்த்திய வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். அந்த முடிச்சும் குழந்தையின் படுக்கையில் அன்றி, அலமாரியில் இருப்பதே நலம்.

வீட்டில் ஒருவருக்குச் சொறிசிரங்கு வந்துவிட்டால் அவருடைய போர்வையை மற்றவற்றோடு அடுக்கலாகாது. வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். துவைக்க இயலாத கனத்த போர்வையைப் பிளாஸ்டிக் பையில் இட்டு வாயை இறுகக் கட்டிக் குறைந்தது மூன்று நாள்கள் ஒதுக்கி வையுங்கள். ஒரு வாரம் வைத்தால் இன்னும் நன்று. சிரங்கை உண்டாக்கும் சிற்றுயிர் மனித உடலை விட்டு நீங்கினால் பொதுவாக இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் உயிர் வாழ்வதில்லை. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சமயத்தில் மருந்தகத்திற்குச் சென்று மருந்து பெறுதலும் அவசியம்.

மழைக்காலத்திற்கென வேறொரு காரணம் உண்டு என்று தொடக்கத்தில் கூறினோம். சிகாமட்டைக் கடந்து, புக்கிட் கெப்போங், பாகோ வழியாக மூவார் நகரை அடையும் மூவார் ஆறு, கரை புரண்டால் தாழ்வான இடங்களை விட்டுவைப்பதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் மாநிலத்தை அடுத்தடுத்துத் தாக்கிய வெள்ளத்தில் பல்லாயிரக் கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2023 மார்ச் மாதத்திலும் ஜொகூரில் மீண்டும் பெருவெள்ளம் வந்தது. வெள்ளத்தில் எளிதில் நனைந்து, எளிதில் உலராத பொருள் படுக்கையே. நனைந்த பஞ்சுப் போர்வையை ஓர் ஆளால் தூக்குவதே கடினம். ஓரிரு நாள்களுக்குள் உலரவில்லையாயின் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஆகையால், மழை மாதங்களில் அன்றாடம் பயன்படாத போர்வைகளைச் சுருள் மடிப்பாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் பைகளில் இட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, பரண்மேல் வைத்துவிடுங்கள். நன்கு உலர்ந்த போர்வையை மட்டுமே இவ்வாறு கட்ட வேண்டும். ஒவ்வொரு மூட்டையும் பத்து வயதுப் பிள்ளை தனியே தூக்கிச் செல்லும் அளவுக்கு மேல் இருத்தலாகாது. பெரியவர்களின் கைகள் அந்நேரத்தில் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ்களுக்கும் தேவைப்படும். வெள்ள நிவாரண மையத்தில் எல்லா மூட்டைகளும் ஒன்றுபோலவே தோன்றும். போர்வையின் ஒரு மூலையில் பழைய சேலையின் வண்ணத் துண்டு ஒன்றை இப்போதே தைத்து வைத்து, அதே துண்டில் சிறிது கிழித்துப் பையின் கழுத்திலும் கட்டிவிடுங்கள்.