வீட்டோடு தெருவையும் வாங்குகிறோம்

வீடு வாங்க முனையும்போது நாம் முதலில் கேட்பவை மூன்று: பரப்பு எத்தனை சதுர அடி, விலை எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு. வாசலை விட்டு இறங்கினால் நடந்தே எங்கெல்லாம் சென்று வரலாம் என்னும் நான்காவது கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. அக்கேள்விக்கு நல்லதொரு விடையாக விளங்குவது மும்பையின் மாட்டுங்கா.

1896-ஆம் ஆண்டு பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெரிசல் மிக்க குடியிருப்புகள் நோய் பரவ இடமளித்தன என்று அன்றைய அரசு கருதியது. 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை ஒன்றை அமைத்தது. அவ்வமைப்பு வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளில் நிலம் எடுத்து, தெருக்களையும் தோட்டங்களையும் முதலில் வகுத்து, அதன் பின்னரே மனைகளைக் குத்தகைக்கு விட்டது.

அம்மனைகளில் தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடிகளும் கொண்ட கட்டடங்கள் அடுத்தடுத்து எழுந்தன. சமையலறையும் குளியலறையும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே அமைந்த அடுக்குமாடி வீடு, பொதுக் கழிப்பறையைப் பகிர்ந்து வாழ்ந்த நடுத்தரக் குடும்பங்களுக்குப் புதுமையாக இருந்தது. அலுவலகப் பணிக்காகத் தென்னாட்டிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே குடியேறின. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1937-இல் ரூயா கல்லூரி தொடங்கியது.

இன்றும் மாட்டுங்காவில் ரயில் நிலையம், காய்கறிச் சந்தை, பூக்கடைகள், கோயில், பள்ளி, கல்லூரி, வடிகட்டிய காபி கிடைக்கும் உணவகம், ஐந்து தோட்டங்களின் மர நிழல் ஆகிய யாவும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. வானுயர்ந்த கோபுரங்கள் இன்றியே பல குடும்பங்கள் நெருங்கி வாழ்வதால் கடைகளுக்கு வாடிக்கையாளர் குறைவதில்லை. தெருவில் எப்போதும் ஆள் நடமாட்டம் உண்டு. முதியவர் துணையின்றி மருந்துக் கடைக்குச் சென்று திரும்பலாம்.

ஏன் எல்லோர்க்கும் கிட்டவில்லை?

இத்தகைய பகுதி பலருக்கும் எட்டாக்கனியானதற்கு விதிகளும் காரணம். 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வாடகைகளை உறையச் செய்தது. குடியிருப்போர்க்கு அது காப்பாயிற்று. ஆனால் பழுதுபார்க்கவும், வாடகைக்கென்று புதிய வீடுகள் கட்டவும் உரிமையாளர்க்கு ஊக்கம் குன்றியது. 1991-ஆம் ஆண்டின் விதிகள் தீவு நகரத்துக்குப் பொதுவாக 1.33 என்னும் தளப்பரப்புக் குறியீட்டை வகுத்தன. அதாவது, 1,000 சதுர அடி மனையில் மொத்தம் 1,330 சதுர அடி அளவே கட்டலாம். தேவை பெருகியும் வீடுகள் அதற்கேற்பப் பெருகாதபோது விலை ஏறுவது இயல்பே. மாட்டுங்காவில் வளர்ந்த பிள்ளைகள் பலர் செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று தொலைவிலே வீடு தேட நேர்ந்தது.

விதிவிலக்குகளின் கீழ் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு இப்போது உயர்ந்த அடுக்கங்கள் எழுகின்றன. கூடுதல் வீடுகள் வரவேற்கத்தக்கவையே. எனினும், கீழ்த்தளங்கள் முழுவதும் வாகன நிறுத்தமாகி, தெருவை நோக்கி வெறும் சுவரே நிற்குமாயின் நடப்பதற்கு உகந்த தெரு மறைந்துவிடும். கட்டடம் எத்தனை மாடி என்பதைக் காட்டிலும், அது தெருவோடு எவ்வாறு இணைகிறது என்பதே ஓர் இடத்தின் அழகை முடிவு செய்கிறது.

கடன் பெறுமுன் ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, தொலைவிலுள்ள வீட்டிலிருந்து பணிக்குச் செல்ல ஒருவருக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது என்று கொள்வோம். மாதம் 25 நாட்கள், பணிக்குச் செல்வோர் இருவர் எனில் மாதம் 3,000 ரூபாய். 20 ஆண்டுக் கடன் காலத்தில் 7,20,000 ரூபாய். பயணத்தில் கழியும் நேரம் இதில் சேரவில்லை. விலை குறைந்த வீடு எப்போதும் செலவு குறைந்த வீடன்று.

ஆகவே பத்திரங்களைச் சரிபார்ப்பதோடு, காலையில் ஒருமுறையும் இருட்டிய பின் ஒருமுறையும் அத்தெருவில் நடந்து பார்ப்போம். வீட்டிலுள்ள முதியவரையும் குழந்தையையும் உடன் அழைத்துச் செல்வோம். அவர்கள் இயல்பாக நடந்து செல்லக்கூடிய தெருவாயின், நாம் செலுத்தும் தவணைக்கு நான்கு சுவர்களுக்கு அப்பாலும் பயன் உண்டு.