புதிய வன்தட்டைப் பிரிவிடலும் வலையமைப்பில் பகிர்தலும்



தோட்டத்து லயம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட ஒரே கட்டடம், ஒரே கூரை. இடையிடையே சுவர் எழுப்பிக் காம்பராக்களாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம், தனிக் கதவு, தனிக் குடும்பம். வன்தட்டைப் பிரிவிடல் என்பதும் இத்தகையதே. கடையில் வாங்குவது ஒரே வன்தட்டு. அதைப் பணிசெயல் முறைமை சி, டி, ஈ எனப் பல டிரைவ்களாகக் காணும்படி நாம் எல்லை வகுக்கின்றோம். “டி டிரைவ் என்பது இரண்டாவது வன்தட்டு” என்று விடை எழுதும் மாணவர் ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் இருக்கிறார்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் கலைப் பட்டதாரி, கணினியைப் பிற்பாடு கற்றவன். பலாங்கொடையில் நான் கற்பித்த சிறு நிலையமொன்றில் அலுவலகக் கணினி ஒன்றே சேவையகமாகவும் இருந்தது. வினாத்தாள்கள், புள்ளிப் பட்டியல், கட்டணக் கணக்கு யாவும் சி டிரைவில். பாதுகாப்புக்கென்று அவற்றை டி டிரைவிலும் பிரதி செய்து வைத்திருந்தேன். ஒருநாள் வன்தட்டு “டிக் டிக்” என்று சத்தமிட்டு நின்றுவிட்டது. சியும் போனது, டியும் போனது. லயத்துக் கூரை தீப்பற்றினால் நடுச்சுவர் எந்தக் காம்பராவைக் காப்பாற்றும்?

அப்படியாயின் பிரிவிடுவதால் என்ன பயன்? பணிசெயல் முறைமை பழுதடைந்தால் சி பிரிவை மட்டும் அழித்து மீண்டும் நிறுவலாம். டியில் உள்ள கோப்புகளுக்குச் சேதம் வராது. கோப்புகள் பெருகி டி நிரம்பினாலும் சியில் பணிசெயல் முறைமைக்கு வேண்டிய இடம் மிஞ்சும்.

இரத்தினபுரியில் 1 டெராபைற்று வன்தட்டு வாங்கி வந்தோம். விண்டோஸ் அதை 931 கிகாபைற்று என்றே காட்டியது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. உற்பத்தியாளர் 1 டெராபைற்று என்பதை 1,000,000,000,000 பைற்று எனக் கணக்கிடுகிறார். விண்டோஸ் அதை 1024 ஆல் மூன்று முறை வகுக்கிறது. நீங்களும் வகுத்துப் பாருங்கள்.

புதிய வன்தட்டைப் பொருத்தியதும் ‘டிஸ்க் மனேஜ்மன்ட்’ பகுதி முதலில் ஒரு கேள்வி கேட்கும்: எம்.பி.ஆர். முறையா, ஜி.பி.டி. முறையா? எம்.பி.ஆர்., 1983 இல் 10 மெகாபைற்று வன்தட்டுடன் ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணினி வந்த காலத்தது. அதில் முதன்மைப் பிரிவுகள் நான்கு மட்டுமே. ஒவ்வொரு துண்டமும் 512 பைற்று. துண்டத்தின் இலக்கத்தை எழுத 32 பிட்டு. 2 இன் 32 ஆம் அடுக்கை 512 ஆல் பெருக்கினால் 2 டெராபைற்று. அதற்கு மேலுள்ள இடம் பயன்படாது. ஜி.பி.டி. முறையில் விண்டோஸ் 128 பிரிவுகள் வரை அனுமதிக்கும். புதிய கணினி என்றால் ஜி.பி.டி.யையே தெரிவுசெய்க.

சிக்கு 150 கிகாபைற்று ஒதுக்கி, மிகுதியை டி ஆக்கினோம். இரண்டையும் என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபோமட் செய்தோம். ஃபாட் 32 முறையில் 4 கிகாபைற்றை எட்டும் ஒரு தனிக்கோப்பைச் சேமிக்க முடியாது. அதைவிட முக்கியமாக, யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்ற அனுமதிகளையும் அதில் பதிய முடியாது. பகிரும் கணினிக்கு இது பெருங்குறை.

இனிப் பகிர்தல். முழு டி டிரைவையும் பகிர வேண்டாம். வேண்டிய கோப்புறையை மட்டும் பகிர்க. ‘எவ்ரிவன்’ என்ற பெயருக்கு முழு அனுமதி கொடுப்பது, வீட்டுத் திறப்பை வாசலில் தொங்கவிடுவது போலாகும். வினாத்தாள் கோப்புறையில் ஆசிரியர்களுக்கு மாற்றும் அனுமதி, எழுதுநருக்கு வாசிக்கும் அனுமதி, கட்டணக் கணக்கில் இதற்கு எதிர்மாறு எனப் பயனர் குழுக்களை அமைத்தோம். இங்கே இரண்டு பூட்டுகள் உள்ளன என்பதை அவதானிக்க: பகிர்வு அனுமதி ஒன்று, என்.டி.எஃப்.எஸ். அனுமதி மற்றொன்று. வலையமைப்பினூடாக வருபவர் இரண்டையும் கடக்க வேண்டும். எது இறுக்கமானதோ அதுவே செல்லும். சேவையகத்தின் முன்னால் அமர்ந்து டி டிரைவைத் திறப்பவருக்கோ இரண்டாவது மட்டும்தான்.

காப்புப் பிரதியை வேறொரு வன்தட்டில் எடுத்தோம். பிரதி எடுத்ததும் அதைக் கழற்றி வேறு வீட்டில் வைத்தோம். கழற்றுவதற்குக் காரணம் உண்டு. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமைச் சேவையைக் கப்பம் கோரும் தீநிரல் ஒன்று தாக்கியது. ஏறத்தாழ 5000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. ஆகவே அக்காலத்து மின்னஞ்சல்கள் மீளவில்லை. இத்தகைய தீநிரல், இணைப்பில் இருக்கும் பிரதிகளையும் சேர்த்தே பூட்டிவிடும்.

மாதிரி வினா: ஒரு கோப்புறையின் பகிர்வு அனுமதி ‘முழுக் கட்டுப்பாடு’, என்.டி.எஃப்.எஸ். அனுமதி ‘வாசித்தல்’. வலையமைப்பினூடாக வரும் பயனர் அதிலுள்ள கோப்பை அழிக்க முடியுமா?

விடை: முடியாது. இரண்டினுள் இறுக்கமானது ‘வாசித்தல்’. ஆகையால் அவர் கோப்பைத் திறந்து பார்க்கலாம், தனது கணினிக்குப் பிரதி செய்யலாம், ஆனால் மாற்றவோ அழிக்கவோ இயலாது.