பெட்டியில் எழுதியது 450; கிடைப்பது 192!

கம்ப்யூட்டருக்கு 'எஸ்.எம்.பி.எஸ்.' வாங்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதை எங்கும் ஜனத்திரள். ராஜகோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சந்தில் சின்னஞ்சிறு டி.டி.பி. கடை. விடிந்தால் அச்சுக்குப் போக வேண்டிய கல்யாணப் பத்திரிகை திரையில் இருக்கிறது. கடைசிப் பிழையைத் திருத்துகிறார், கடைக்காரர்.

'டப்!'

ஒரு சத்தம். கருகல் வாடை. திரை இருண்டுவிட்டது!

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். அண்ணாமலை அக்கினித் தலம். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையின் உச்சியில் எரியும் நெருப்பைக் காண லட்சக்கணக்கானோர் காத்து நிற்பார்கள். ஆனால், பிழைப்புக்காக வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்குள் நெருப்பு எழுவதை யார்தான் விரும்புவார்கள்?

வெடித்தது ஒரு சிறு பெட்டிதான். அதோடு போனால் கவலை இல்லை. மட்டமான சரக்காக இருந்தால், சில சமயம் மதர் போர்டையும் ஹார்டு டிஸ்கையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்விடும். ஹார்டு டிஸ்க் போனால், பத்து வருஷத்து வாடிக்கைக்காரர்களின் வேலையும் போயிற்று!

அந்தச் சிறு பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ்.

படி அளக்கும் பெட்டி

சுவர் பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். கம்ப்யூட்டரின் உறுப்புகளுக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் டி.சி. மின்சாரம். வந்த மூட்டையைப் பிரித்து, அவரவருக்கு உரியதைப் படி அளந்து போடுவது எஸ்.எம்.பி.எஸ். அளவு கூடினாலும் ஆபத்து; குறைந்தாலும் ஆபத்து.

முன்பு இந்த வேலைக்குக் கனத்த டிரான்ஸ்பார்மர் வேண்டியிருந்தது. அது சூட்டையும் கக்கும். 1977-ல் வெளிவந்த 'ஆப்பிள் 2' கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் என்ற என்ஜினீயர் வேறு வழி செய்தார். மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டு விட்டு அனுப்பும் முறையை அதில் அமைத்தார். பெட்டி சிறுத்தது, சூடும் குறைந்தது. அந்த முறை அதற்கு முன்பே உண்டு. இன்று மேஜைக் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான்.

1981-ல் ஐ.பி.எம். கம்பெனி விற்ற முதல் பி.சி.யின் எஸ்.எம்.பி.எஸ். தந்தது வெறும் 63.5 வாட். 2022-ல் வந்த 'ஆர்.டி.எக்ஸ். 4090' என்ற கிராபிக்ஸ் கார்டு ஒன்றே 450 வாட் தின்னும்! பசி அப்படி வளர்ந்திருக்கிறது.

பெரிய எண்ணை நம்பலாமா?

"அண்ணே, இது எத்தனை வாட்ஸ்?"

"450 தம்பி! தாராளமாப் போதும். கேபினெட்டோட சேர்ந்தே வருது. தனியாக் காசு இல்லை!"

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் '+12' வோல்ட் என்ற கட்டத்தைத் தேடுங்கள். அதற்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள்.

16 ஆம்பியர் என்றால் 192 வாட். 36 ஆம்பியர் என்றால் 432 வாட்.

இரண்டு பெட்டியிலும் கொட்டை எழுத்தில் '450' என்றே இருக்கலாம். ஆனால் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் சாப்பிடுவது 12 வோல்ட் பாதையில்தான். ஆகவே, இந்தப் பெருக்கல்தான் உண்மையான பலம். மற்றது வேஷம்!

எவ்வளவு வேண்டும்?

தட்டெழுத்து வேலைக்கான கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். சாதாரண பிராசசர் முழு வேகத்தில் 90 வாட். மதர் போர்டும் மெமரியும் 40. டிஸ்குகள் 20. மின்விசிறி முதலிய சில்லறைகள் 10. ஆக 160. இதோடு பாதியைக் கூட்டினால் 240. தரமான 350 வாட் பெட்டி இதற்கு ஏராளம்.

போட்டோ ஸ்டூடியோவில் 200 வாட் கிராபிக்ஸ் கார்டு சேர்ந்தால் 360. பாதியைக் கூட்டினால் 540. அங்கே 550 அல்லது 650 வேண்டும்.

பாதியைக் கூட்டுவது எதற்கு? பெரிய கிராபிக்ஸ் கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்குத் தம் அளவைப்போல் இரு மடங்கு கூட இழுக்கும். அந்த அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே 2022-ல் 'ஏ.டி.எக்ஸ். 3.0' என்ற விதி வந்தது. அதற்காக 1,000 வாட் வாங்கிச் சும்மா வைப்பதும் வீண் செலவு.

வெயில் என்னும் விரோதி

மலையடிவாரத்துச் சித்திரை வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள கெப்பாசிட்டர்களுக்கு வெப்பம் எமன். 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது என்ஜினீயர்களின் பொதுக் கணக்கு. 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர் உள்ளதா, முழு வாட்டையும் 40 அல்லது 50 டிகிரியில் தருமா என்று கேளுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். தூசியைத் துடையுங்கள்.

'80 பிளஸ்' என்ற முத்திரையும் முக்கியம். 2004-ல் வந்தது இது. உள்ளே 200 வாட் தேவைப்பட்டால், 80 சதவீதத் திறமையுள்ள பெட்டி சுவரிலிருந்து 250 வாட் வாங்கும். 90 சதவீதம் உள்ளது 222 வாங்கும். மாதம் 200 மணி நேரம் ஓடினால் ஐந்தரை யூனிட் மிச்சம். அது சிறு தொகைதான். ஆனால் 50 வாட்டாக இருந்த வீண் சூடு 22-ஆக இறங்கிவிடுகிறதே, அதுதான் பெரிய லாபம்!

சுரீர் என்கிறதா?

கம்ப்யூட்டரின் இரும்பு உடம்பைத் தொட்டால் 'சுரீர்' என்கிறது என்று பலர் சொல்வதுண்டு. பெரும்பாலும் குற்றம் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இல்லை. சுவர் பிளக்கில் எர்த் சரியாக இல்லை என்று அர்த்தம். உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் இல்லாத இடத்தில் எத்தனை உயர்ந்த பெட்டியும் முழுப் பாதுகாப்பைத் தராது.

யு.பி.எஸ். வாங்கும்போதும் கணக்கு வேண்டும். 600 வி.ஏ. என்றால் 600 வாட் அல்ல. பலவற்றில் 360 வாட்தான்.

கெட்டுப்போன எஸ்.எம்.பி.எஸ்.ஸை வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். அது உயிருக்கே அபாயம்.

எத்தனை நல்ல பெட்டிக்கும் ஒரு நாள் முடிவு உண்டு. ஆகவே, முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு டிஸ்கில் நகல் இருக்கட்டும். பிறகு கடைக்குப் போங்கள். கலர் விளக்கு மின்னும் கேபினெட்டைப் பார்த்து மயங்குவதற்கு முன், அந்தச் சின்ன அட்டவணையைப் பாருங்கள், 12-ஆல் பெருக்குங்கள்.

அந்த ஒரு பெருக்கல், நாளைக்கு ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக் காப்பாற்றும்!