நன்றி சொல்வதன்று, அறிவது

எண்ணூரை அடுத்த நெட்டுக்குப்பத்தில், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் சற்று நேரம் நின்றால், நீர் எப்போதும் ஒரே திசையில் ஓடுவதில்லை என்பது விளங்கும். கடல் ஏறும்போது உப்புநீர் ஆற்றுக்குள் புகுகிறது; இறங்கும்போது கழிமுகம் கடலை நோக்கி வடிகிறது. துயரமும் இவ்வாறுதான் இயங்குகிறது என்பதை என் தாயார் மறைந்த பிறகே உணர்ந்தேன்.

அந்த ஓராண்டும் அலுவலகம், சடங்குகள், வங்கிப் படிவங்கள், ஏழு வயது மகளின் பள்ளி என்று ஓடிக்கொண்டே இருந்தேன். அந்த ஓட்டத்தை மன உறுதி என்றும் நம்பினேன். ஓர் இரவு மகள் சொன்னாள்: “ஆயாவப் பத்திப் பேசினாலே நீ போனை எடுத்துக்கிறப்பா.”

உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999-இல் முன்வைத்த விளக்கம் ஒன்று இங்கே உதவுகிறது. உறவை இழந்தவர் ஒருபுறம் இழப்பை எதிர்கொள்கிறார். மறுபுறம் அன்றாட வாழ்வைச் சீரமைக்கிறார். இவ்விரண்டுக்கும் இடையே மாறி மாறிச் செல்வதே இயல்பான துயராற்றல் என்கிறது அது. எனவே, குழந்தையோடு சிரிக்கும் தந்தை இறந்தவரை மறந்துவிடவில்லை. குழந்தையின் முன் கண்கலங்கும் தந்தை தோற்றுவிடவுமில்லை. வேலை மிகுந்த பெற்றோருக்கு உள்ள இடர், ஒரு கரையிலேயே நின்றுவிடுவதுதான்.

நன்றியுணர்வு இதில் எங்கே வருகிறது? திருக்குறளின் 11-ஆம் அதிகாரத்தின் பெயர் ‘செய்ந்நன்றி அறிதல்’. ‘நன்றி’ என்னும் சொல் முதலில் நன்மையையே குறித்தது. ஆக, நமக்கு வாய்த்த நன்மையை அறிவதே நன்றியுணர்வு. வாயால் சொல்வது அதன்பின் வருவது. அறிய வேண்டுமாயின் மனம் அங்கே இருக்க வேண்டும்.

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகியோரின் 2003-ஆம் ஆண்டு ஆய்வு பலரும் அறிந்தது. அதில், வாரந்தோறும் தமக்கு வாய்த்த நன்மைகளைப் பட்டியலிட்ட மாணவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிடத் தம் வாழ்வைக் குறித்து நிறைவாக உணர்ந்தனர். ஆயினும், துயரத்தில் இருப்பவரிடம் இதை மருந்தாக நீட்டுவது பொருந்தாது. “இருப்பதை நினைத்து ஆறுதல் கொள்” என்னும் அறிவுரை பல நேரங்களில் அழுகையை அடக்கவே பயன்படுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்களைப் பறித்தது. நாகப்பட்டினத்தைச் சேர்ந்த பரமேஸ்வரன் – சூடாமணி இணையர் தம் மூன்று குழந்தைகளையும் அன்று இழந்தனர். பின்னர், பெற்றோரை இழந்த குழந்தைகளை ஏற்று வளர்த்தனர். இது இழப்புக்கு ஈடு அன்று. துயரத்தின் நடுவிலும் எதிரே நின்ற குழந்தையைக் கண்டுகொண்ட செயலாகவே இதை நான் காண்கிறேன்.

ஆண்டுதோறும் அந்நாளில் நம் கடற்கரை மக்கள் கடலில் பாலூற்றி, மலர் தூவி அழுகிறார்கள். அதே கடலில் மறுபடியும் வலை வீசுகிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கழிவு பரவியபோது, அதை அள்ளுவதில் மீனவர்களின் கைகளும் கறுத்தன. அவர்களே நியாயமும் கேட்டார்கள். கழிமுகம் தந்த நன்மையை அறிந்தவர்களால் அது பாழாவதைப் பொறுத்துக்கொள்ள இயலாது. நன்றியுணர்வு என்பது குறையைச் சொல்லாமல் வாயடைத்திருப்பதன்று.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சிறு வழக்கம் உண்டு. இரவு உணவுக்குப் பிறகு கால் மணி நேரம் கைப்பேசி அலமாரிக்குள் இருக்கும். அன்று நடந்த நல்லது ஒன்றை அவளும் நானும் சொல்ல வேண்டும். விரும்பினால் ஆயாவைப் பற்றியும் பேசலாம். எதுவும் சொல்லத் தோன்றாத நாள்களும் உண்டு. அன்று சும்மா உட்கார்ந்திருப்போம். நாள் முழுவதும் குழந்தையோடு இருப்பது வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு இயலாது. கால் மணி நேரம் முழுமையாக இருப்பது இயலும்.

சென்ற வாரம் அவள் சொன்னாள்: “இறால் வறுத்தா, ஆயா மொத இறாலை ஊதி எனக்குத்தான் தரும்.”

“எனக்கும் அப்படித்தான் தந்தாங்க” என்றேன். அதன்பின் வெகுநேரம் என் அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.