பிரேதத்தைப் பொறுப்பேற்க முன்

ஷெல்லடியிலெல்லாம் தப்பிய என் கணவர், 2022 இல் அரச வைத்தியசாலையொன்றில், வயிற்றில் சத்திரசிகிச்சை செய்த மூன்றாம் நாள் இறந்தார். காய்ச்சல் கூடுகிறது என்று இரவு முழுக்கச் சொன்னோம். ஒருவரும் வந்து பார்க்கவில்லை. "அவரை வெட்டவேண்டாம், தாருங்கோ" என்றுதான் நான் அழுதேன். அண்ணை விடவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று. சகோதரிகளே, பிரேத பரிசோதனை அறிக்கை இல்லாமல், கவனயீனத்தால்தான் உயிர் போனது என்று காட்டுவது மெத்தக் கடினம். திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் அந்த இரவைப்பற்றிச் சொல்லிப் பதிவித்தோம்.

மருத்துவ சபைக்கு முறையிட்டால் வைத்தியர்மீது ஒழுக்காற்று விசாரணை நடக்கலாம், நட்டஈடு கிடையாது. அதற்கு மாவட்ட நீதிமன்றம், இரண்டு வருடத்துக்குள். அரச வைத்தியசாலையென்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் வேண்டும். முன்பு பெரும்பாலும் வருமான இழப்புக்குத்தான் கேட்கலாம். 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின் பின் அன்பையும் அரவணைப்பையும் இழந்ததற்கும் கேட்கலாம். அடிப்படை உரிமை மனுவுக்கோ ஒரு மாதம்தான். எங்களுக்கு அந்தியேட்டியே 31 ஆம் நாள்! அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை. சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனேன். அவர்கள் முதலில் கேட்டது கிளினிக் கொப்பியையும் மரண அத்தாட்சிப் பத்திரத்தையும்தான். நல்லகாலம், இரண்டும் ட்ரங்குப்பெட்டிக்குள் இருந்தன.